வண்ணத்துப்பூச்சி வராத விடுமுறை: பார்த்ததை எழுதுவது எப்படி?



இயற்கை பற்றிய தலைப்பு கொடுத்தால் போதும், "வண்ண வண்ணப் பட்டாம்பூச்சிகள் மலருக்கு மலர் தாவின" என்ற வரி கட்டுரைகளில் தவறாமல் வந்துவிடும். எந்தப் பூச்சி, எந்தப் பூ என்று கேட்டால் பதில் வராது. சிலர் "கோடைக்காலத்தில்" என்றும் எழுதுகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கோடை ஏது? மழை கூடிய மாதங்களும் குறைந்த மாதங்களும்தான் உண்டு.

நானும் அந்த வரியை நம்பித்தான் கடந்த விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனேன். பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஓரத்தில் ஐந்து காலைகள் நின்றேன். மழை குறைந்த காலம் என்று பெயர்தான், தினமும் பனிமூட்டம், தூறல். மூன்று நாள் ஒன்றுமே வரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் "0" என்று எழுதவே மனம் வரவில்லை. ஆனால் அந்த "0"தான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் வரவில்லை?

தோட்டத்தில் குடியிருக்கும் ஒரு பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "மழ விட்டு வெயில் அடிக்கட்டும் டீச்சர், அதுங்க தானா வரும்" என்றார். அறிவியலும் இதையேதான் சொல்கிறது.

வண்ணத்துப்பூச்சியின் உடல், சுற்றியுள்ள வெப்பத்தை நம்பியிருக்கிறது. இறக்கையை அசைக்கும் தசைகள் நன்றாக வேலை செய்ய ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கேமரன் மலையிலோ பகலில்கூட 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அதனால் அது வெயிலில் இறக்கையை விரித்து உட்கார்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்கிறது. வெயில் இல்லாவிட்டால் இலைக்கு அடியில் ஒதுங்கிவிடுகிறது. நான் பார்க்கவில்லை என்பதற்காக அங்கே பூச்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நான்காம் நாள் பத்தரை மணிக்கு மேல் வெயில் வந்தது. அரை மணி நேரத்தில் ஏழு வந்தன. எல்லாமே தோட்ட ஓரத்து உண்ணிப்பூச் செடிகளில்தான்.

தேயிலையும் காடும்

தேயிலை வரிசைகளுக்கு நடுவில் ஏன் ஒன்றும் இல்லை? வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கப் பூ வேண்டும், அதன் புழு தின்ன இலை வேண்டும். புழுக்கள் கண்ட இலையைத் தின்னாது, ஒவ்வொன்றுக்கும் சில செடிகள்தான் ஆகும். உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு பார்த்திருப்பீர்களே, அதுவும் அப்படித்தான். தேயிலையோ கொழுந்துக்காக ஓயாமல் கிள்ளப்படும், கவாத்து செய்யப்படும். அதனால் அது பூப்பதும் குறைவு. ஆகவே காட்டோரமும் ஓடையோரமும்தான் பார்க்க வேண்டிய இடங்கள்.

நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கறுப்பு இறக்கையில் பளிச்சென்ற பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்பு. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1855இல் சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். இதன் ஆண் பூச்சிகள் ஈரமண்ணில் உள்ள தாது உப்புகளை உறிஞ்சக் கூட்டமாக இறங்கும். அதைப் பார்க்க மலையுச்சித் தேயிலைக்குப் போனால் ஏமாற்றம்தான். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையின் அடிவாரத்து ஆற்றோரங்களோ, கோப்பேங் அருகே உலு கெரோவோதான் பொருத்தமான இடங்கள்.

இரவில் வந்தவை

பகல் ஏமாற்றினாலும் இரவு ஏமாற்றவில்லை. தங்கியிருந்த வீட்டின் வெளிவிளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் கூடின. வெளிர்பச்சை நிறத்தில் நீண்ட வால் கொண்ட நிலா அந்துப்பூச்சி ஒன்று விடியும்வரை சுவரில் இருந்தது. அதற்குச் சாப்பிட வாயே இல்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும்.

குளிரில் இவை மட்டும் எப்படிப் பறக்கின்றன? பெரிய அந்துப்பூச்சிகள் பல, பறப்பதற்கு முன் இறக்கைத் தசைகளை நடுங்கவைத்துத் தாமே சூடேறிக்கொள்கின்றன. வெயில் தேவையில்லை.

இன்னொன்று. விட்டில் விளக்கின் மீது ஆசைப்பட்டு விழுகிறது என்று உவமை எழுதுகிறோம். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விளக்கம் தருகிறது. பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிப் பறக்கும் இயல்புடையவை. இரவு வானம் தரையைவிட வெளிச்சமானது என்பதால் எது மேல், எது கீழ் என்று அவற்றுக்குத் தெரிகிறது. அருகில் விளக்கு வந்தால் கணக்குத் தப்பி, அதையே சுற்றிக்கொண்டிருக்கின்றன. உவமையை விட்டுவிட வேண்டாம். ஆனால் விளக்கக் கட்டுரையில் உவமை வேறு, காரணம் வேறு.

கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது?

1. நாள், நேரம், இடம், வானிலை நான்கையும் குறியுங்கள். "0" என்றாலும் எழுதுங்கள். வெயில் நாளையும் மழை நாளையும் ஒப்பிட அதுதான் உதவும்.

2. பெயர் தெரியாவிட்டால் நிறம், அளவு, உட்கார்ந்த விதம் ஆகியவற்றை எழுதுங்கள். உணர்கொம்பின் நுனி குமிழாக இருந்தால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி. இறகு போலவோ நூல் போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு, அதனால் நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

3. பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள். "மூன்று நாள் பார்க்கவில்லை" என்பது பார்த்தது. "பூச்சிகள் அழிந்துவிட்டன" என்பது ஊகம். மலையில் காடு குறைந்திருப்பது உண்மைதான். ஆனாலும் ஐந்து நாள் குறிப்பை வைத்து அந்தப் பழியைச் சுமத்த முடியாது. பல ஆண்டுக் குறிப்பு வேண்டும்.

4. "வண்ணத்துப்பூச்சி" என்பதில் "ப்" விடாதீர்கள். வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும்.

இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள்.

"அழகிய பட்டாம்பூச்சிகள் பறந்து மகிழ்ந்தன."

"காலை பத்தரை வரை பனி. வெயில் பட்டதும் உண்ணிப்பூவில் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்து உட்கார்ந்தது. உடல் சூடேறிய பிறகே பறந்தது."

இரண்டாவதை எழுத, போய் நின்று பார்த்திருக்க வேண்டும். படிப்பவருக்கும் அது தெரியும்.

பயிற்சி

மலைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வீட்டுக் கறிவேப்பிலைச் செடி, பள்ளித் தோட்டம், வாசல் விளக்கு ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏழு நாள், தினமும் பத்து நிமிடம், ஒரே நேரத்தில் பாருங்கள். பிறகு "ஏன் வந்தன, ஏன் வரவில்லை" என்று ஒரு பத்தி எழுதுங்கள். ஆசிரியர்களே, "0" எழுதிக் கொண்டுவரும் மாணவரை முதலில் பாராட்டுங்கள். இல்லாததை இருந்ததாக எழுதாத பிள்ளை அது.