பெண் தொடர்கொலையாளர்கள் (இந்தியா)

ஒரே நேரத்தில் அல்லாமல், இடைவெளி விட்டுத் தனித்தனி நிகழ்வுகளில் பலரைக் கொன்ற பெண் பெண் தொடர்கொலையாளர் எனப்படுகிறார். இந்தியாவில் இவ்வகையில் பதிவான வழக்குகள் மிகச் சிலவே. அவற்றுள் 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் வாழ்ந்த திரைலோக்கியா, 21-ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்தில் பிடிபட்ட கெம்பம்மா ஆகிய இருவரின் வழக்குகள் ஒப்பிட்டு நோக்கத்தக்கவை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 125 ஆண்டுகள் உள்ளன. மொழி, மாநிலம், சூழல் யாவும் வேறு. ஆயினும் கொல்லப்பட்டவர்களை அழைத்துச் சென்ற முறை ஏறக்குறைய ஒன்றே.

திரைலோக்கியா

திரைலோக்கியா வங்காளத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இளம் வயதிலேயே கைம்பெண்ணாகி, பின்னர் கல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டவர். இவரைப் பற்றி இன்று தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, கல்கத்தா காவல்துறையின் துப்பறியும் அதிகாரி பிரியநாத் முகோபாத்தியாய் (1855–1917) எழுதியவற்றின் வழியே கிடைப்பதாகும். இவர் தம் வழக்குகளை 1892 முதல் 'தாரோகார் தப்தர்' என்னும் தொடராக வெளியிட்டார். வழக்கை நடத்திய காவலரே அதன் வரலாற்றாசிரியராகவும் இருப்பதால், இவ்விவரங்களைச் சற்று எச்சரிக்கையுடனேயே படிக்க வேண்டும்.

வயது கூடி வருவாய் குறைந்தபோது, திரைலோக்கியா தம்மைப் போன்ற பிற பெண்களை அணுகினார். ஆற்றல் மிக்க குரு ஒருவர் வந்திருப்பதாகவும், அவரிடம் அருள் பெற்றால் செல்வம் பெருகும் என்றும் கூறினார். இருக்கும் நகைகள் அனைத்தையும் அணிந்து வர வேண்டும், எவரிடமும் சொல்லக்கூடாது என்பவை நிபந்தனைகள். மாணிக்தலாப் பகுதியின் ஒதுக்குப்புறத் தோட்டம் ஒன்றிலிருந்த குளத்துக்கு அழைத்துச் சென்று, நீராடும்படி சொல்லி, நீரில் அமுக்கிக் கொன்றார். இவ்வாறு ஐந்து பெண்கள் இறந்தனர். இடையில் ஒரு முயற்சி தடைபட்டுப் பிடிபட்டும், போதிய சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். இறுதியில் ராஜ்குமாரி என்னும் பெண்ணை நகைக்காகக் கொன்ற வழக்கில் 1884-இல் தூக்கிலிடப்பட்டார்.

அவரிடமிருந்து உண்மையை வரவழைக்கப் பிரியநாத் கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. திரைலோக்கியா வளர்த்து வந்த ஹரி என்ற மகனைக் கொலைக் குற்றத்தில் கைது செய்யப்போவதாக அவர் நடித்தார். மகனைக் காப்பாற்ற முனைந்தபோது தாய் அகப்பட்டுக்கொண்டார்.

கெம்பம்மா

'சயனைடு மல்லிகா' என்று நாளிதழ்கள் அழைத்த கெம்பம்மா, பெங்களூரை அடுத்த கக்கலிபுராவைச் சேர்ந்தவர். இவரது கணவர் தையற்காரர். கெம்பம்மா நடத்திய சீட்டு முறிந்ததால் கடன்பட்டு, 1998 அளவில் குடும்பத்தை விட்டு வெளியேறினார். நெய்வேலி நகரியம் முதல் பெங்களூர்ப் புறநகர் வரை நம்பிக்கை ஒன்றையே ஈடாகக் கொண்டு பெண்கள் தமக்குள் சீட்டுப் பிடிப்பது வழக்கம் என்பதால், இத்தகைய முறிவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம். அதன்பின் கெம்பம்மா வீட்டுவேலையும் சிறு திருட்டும் செய்து வந்தார். பொற்கொல்லரிடம் வேலை செய்த காலத்தில் சயனைடு பற்றி அறிந்துகொண்டார் எனப்படுகிறது.

முதற்கொலை 1999-இல் நிகழ்ந்தது. அடுத்த ஐந்தும் 2007 அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் நடந்தவை. கோயில்களுக்குத் தனியே வரும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, நோய், குழந்தையின்மை, குடும்பச் சண்டை என அவர்களின் குறையைத் தெரிந்துகொள்வார். அதைத் தீர்க்கச் சிறப்புப் பூசை ஒன்று உண்டு என்பார். நல்ல சேலையும் நகைகளும் அணிந்து தொலைவிலுள்ள கோயில் தலத்துக்கு வரச் சொல்லி, அங்குள்ள விடுதி அறையில் தீர்த்தத்திலோ உணவிலோ சயனைடு கலந்து கொடுப்பார். ஒவ்வோர் இடத்திலும் வேறு பெயரைச் சொன்னார். 2007 திசம்பர் 31 அன்று கைதானார். விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

ஒப்புமை

குளத்துக்குப் பதில் விடுதி அறை, நீருக்குப் பதில் சயனைடு. இவற்றை விலக்கிப் பார்த்தால் அருள்வாக்கு, நகை, தனிமை, இரகசியம் ஆகிய நான்கும் இரு வழக்குகளிலும் அப்படியே உள்ளன. ஓர் ஆண் இதே அழைப்பை விடுத்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். அழைத்தவர் தம்மைப் போன்ற ஒரு பெண் என்பதே இறந்தவர்களின் எச்சரிக்கையைத் தணித்தது. மேலும், நகையை அணிந்து வரச் சொல்வதால் திருட வேண்டிய பொருளை உரியவரே கொண்டுவந்து சேர்த்தார்.

இருவரும் தேர்ந்தெடுத்தவர்கள், காணாமற்போனால் உடனே தேட ஆளில்லாத பெண்கள் ஆவர். பாலியல் தொழிலில் இருந்தவர் ஓரிரவில் மறைந்தால் வேறிடம் போய்விட்டதாகவே கருதப்பட்டது. வீட்டில் சொல்லாமல் வெளியூர்க் கோயிலுக்குச் சென்றவரை எங்கே தேடுவது என்பது வீட்டாருக்கும் தெரியாது. 'கொடூரப் பெண்' என்ற வியப்பிலேயே நிற்கும் செய்திக் கட்டுரைகள் பலவும் இதைக் கவனிப்பதில்லை.

எல்லா வழக்குகளும் இம்மாதிரியில் அடங்குவதில்லை. மகாராட்டிரத்தில் 1996-இல் கைதான சகோதரிகள் ரேணுகா சிண்டே, சீமா காவித் ஆகியோர் குழந்தைகளைக் கடத்தி, திருட்டின்போது கேடயமாகப் பயன்படுத்தி, பின்னர் கொன்றனர். உடன் கைதான அவர்களின் தாய் விசாரணைக்கு முன்பே இறந்தார். 2006-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த மரண தண்டனையை, கருணை மனுவில் ஏற்பட்ட காலதாமதத்தைக் காட்டி மும்பை உயர் நீதிமன்றம் 2022 சனவரியில் ஆயுள் தண்டனையாக மாற்றியது.

நஞ்சும் தடயமும்

ஐக்கிய அமெரிக்காவில் 1821 முதல் 2008 வரையிலான 64 பெண் தொடர்கொலையாளர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, நஞ்சே மிகுதியாகக் கையாளப்பட்ட வழி என்றும், பணமே முதன்மையான நோக்கம் என்றும் கண்டது. இங்கிலாந்தின் மேரி ஆன் காட்டன் இதற்குப் பழைய சான்று. இவர் கணவர்கள், குழந்தைகள் உள்ளிட்ட பலரை ஆர்செனிக்கால் கொன்றதாகக் கருதப்படுகிறார். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்த சாவுகள் வயிற்றுக் காய்ச்சல் எனப் பதிவாயின. வளர்ப்பு மகனின் உடற்பகுதிகளை மருத்துவர் ஒருவர் பாதுகாத்து வைத்திருந்து சோதித்ததால்தான் அவர் அகப்பட்டு, 1873 மார்ச்சு 24 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஆர்செனிக் ஒரு தனிமம், அது சிதைவதில்லை. முடியிலும் நகத்திலும் எலும்பிலும் தங்கி, புதைத்த பின்னும் காட்டிக்கொடுக்கும். சயனைடு அவ்வாறன்று. கலங்கள் உயிர்வளியைப் பயன்படுத்துவதைத் தடுத்து, குருதியில் உயிர்வளி இருக்கும்போதே சில நிமிடங்களில் கொல்லும் இந்நஞ்சு, பிணத்தில் நாளடைவில் சிதைந்தும் ஆவியாகியும் மறையக்கூடியது. ஆகவே, உடற்கூறாய்வு உடனே நடப்பது இன்றியமையாதது.

கேரளத்தின் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே உறவுக் குடும்பத்தில் ஆறு பேர் இறந்தது தொடர்பாக, 2019-இல் கல்லறைகள் திறக்கப்பட்டு, அக்குடும்பத்து மருமகள் கொலைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அவர்களுள் நால்வரின் எச்சங்களில் நஞ்சு எதுவும் காணப்படவில்லை என ஐதராபாத்து நடுவண் தடயவியல் ஆய்வகம் அறிவித்த செய்தி 2023-இல் வெளியானது. 2011-இல் இறந்தவருக்கு மட்டும் அப்போதே உடற்கூறாய்வு நடந்து, சயனைடு கண்டறியப்பட்டிருந்தது. அச்சாவு தற்கொலை என முடிக்கப்பட்டது.