வரி கட்டாதவருக்கும் வரித்துறை தரும் பணம்

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலிக்கு ஆண்டு முழுக்க முழுநேரம் உழைத்தால் 15,080 டாலர் சேரும். 2025ஆம் ஆண்டைப் பொறுத்தவரை, 15,750 டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் தனியாள் வரிக் கணக்கே தாக்கல் செய்ய வேண்டியதில்லை. ‘நமக்கெதுக்கு இந்த வம்பு’ என்று அவர் பேசாமல் இருந்துவிட்டால் சட்டப்படி தப்பில்லை. ஆனால் அவருக்குச் சேர வேண்டிய சுமார் 308 டாலர் சேராது. அதே சம்பளத்தில் ஒரு பிள்ளையை வளர்ப்பவர் என்றால் 4,328 டாலர் போய்விடும்.

இ.ஐ.டி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த வரிச்சலுகை, உழைத்துச் சம்பாதிக்கும் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கானது. இந்தியாவின் வருமானவரித் தள்ளுபடி வரியைப் பூஜ்யமாக்கும், அத்தோடு நின்றுவிடும். இது பூஜ்யத்தைத் தாண்டியும் போகும்: கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லாவிட்டாலும் முழுத் தொகையும் ரீஃபண்டாக வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

இதைக் கொண்டுவந்தவர் இடதுசாரி யாருமல்ல. ஏழைக் குடும்பங்களுக்கு அடிப்படை வருமானம் தரலாம் என்று நிக்ஸன் அரசு முன்வைத்த திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர் லூசியானா செனட்டர் ரஸ்ஸல் லாங். சும்மா கொடுக்கக் கூடாது, வேலை செய்பவருக்கே கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1975இல் இந்தச் சலுகை சட்டமானபோது உச்சவரம்பு 400 டாலர், தற்காலிக ஏற்பாடுதான். 1978இல் நிரந்தரமானது. ரேகன், கிளிண்டன் இருவர் காலத்திலும் பெரிதானது. லாங் போட்ட நிபந்தனை மட்டும் இன்றும் மாறவில்லை: சம்பாத்தியம் இல்லையென்றால் சல்லிக்காசு கிடையாது.

2025ஆம் ஆண்டுக்குக் கணக்கு இப்படி ஓடுகிறது. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவர் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 40 டாலர் சேர்ந்துகொண்டே போகும். வருமானம் 17,880 டாலரைத் தொடும்போது சலுகை அதன் உச்சமான 7,152 டாலரில் நிற்கும். 23,350 டாலர் வரை அதே தொகைதான். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 21 டாலர் குறையும். 57,310 டாலரில் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு 20,000 டாலர் சம்பாதிப்பவருக்கு இது நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். 40,000 டாலர் சம்பாதிப்பவருக்கும் 3,600 டாலருக்கு மேல் வரும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் உச்சம் 8,046 டாலர். பிள்ளை இல்லாதவருக்கு வெறும் 649 டாலர். அதுவும் 25 முதல் 64 வயதுக்குள் இருந்தால்தான். கோவிட் காலத்தில், 2021ஆம் ஆண்டுக்கு மட்டும், இதை 1,502 டாலராக உயர்த்திவிட்டுப் பிறகு பழையபடி இறக்கிவிட்டார்கள். திட்டத்தின் மிகக் கஞ்சத்தனமான பகுதி இதுதான்.

சிக்கலெல்லாம் ‘பிள்ளை’ யார் என்பதில் இருக்கிறது. பெற்ற பிள்ளை மட்டுமல்ல. பேரன் பேத்தி, தம்பி தங்கை, உடன்பிறந்தாரின் பிள்ளைகள்கூடக் கணக்கில் வரலாம். ஆண்டு முடிவில் 19 வயதுக்குக் கீழே, முழுநேரம் படிப்பவர் என்றால் 24க்குக் கீழே இருக்க வேண்டும். பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு ஒரே வீட்டில், அமெரிக்காவுக்குள் வாழ்ந்திருக்க வேண்டும். செலவுக்கு யார் பணம் கொடுத்தார் என்ற கேள்வியே கிடையாது. விவாகரத்தான தந்தை மாதம் தவறாமல் பணம் கொடுத்தாலும், பிள்ளை தாயோடு இருந்தால் அவர் கேட்க முடியாது. தாயும் பாட்டியும் ஒரே வீட்டில் இருந்தால் முதல் உரிமை தாய்க்கு. தாய் விட்டுக்கொடுத்தால், பாட்டியின் வருமானம் தாயினுடையதைவிட அதிகமாக இருந்தால்தான் பாட்டி கேட்கலாம்.

அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். சந்தேகப்பட்டால் கடிதம் வரும். பிள்ளை உங்களோடு இருந்ததற்குப் பள்ளிப் பதிவு, மருத்துவர் அல்லது வீட்டுக்காரர் தரும் கடிதம் என்று காட்ட வேண்டும். விதிகளை அலட்சியப்படுத்திக் கேட்டதாக முடிவானால் 2 ஆண்டுகள், மோசடி என்றால் 10 ஆண்டுகள் தடை. இந்தத் தணிக்கை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழவில்லை. கறுப்பினத்தவர் மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகமாகத் தணிக்கைக்கு உள்ளாவதாக 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கறுப்பினத்தவர் கூடுதலாகத் தணிக்கைக்கு ஆளாவதை ஐ.ஆர்.எஸ். தலைவரும் அதே ஆண்டு ஒப்புக்கொண்டார்.

கேட்கும் முறை எளிது: படிவம் 1040, பிள்ளை இருந்தால் கூடவே ஓர் இணைப்புப் படிவம். கேட்பவர், துணைவர், பிள்ளைகள் என எல்லோருக்கும் வேலை செய்யத் தகுதி தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். அது இல்லாதவர்களுக்குத் தரப்படும் ஐ.டி.ஐ.என். எண் இங்கே செல்லாது. ஆனால் கலிஃபோர்னியா தன் மாநிலச் சலுகைக்கு அதை ஏற்கிறது. ஜனவரியிலேயே தாக்கல் செய்தாலும் பிப்ரவரி 15க்கு முன் ரீஃபண்ட் வராது. போலிக் கோரிக்கைகளைப் பிடிக்க 2015இல் போட்ட சட்டம் அது. இந்த இடைவெளியில்தான் ‘இன்றே முன்பணம்’ என்று விளம்பரப் பலகை மாட்டும் வரி ஏஜெண்டுகளின் வியாபாரம் நடக்கிறது. நூலகங்களிலும் சமூக மையங்களிலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இதே வேலையைக் காசு வாங்காமல் செய்துகொடுக்கிறார்கள். ‘வீடா’ என்ற பெயரில் ஐ.ஆர்.எஸ். ஆதரவோடு நடக்கும் சேவை அது.

இவ்வளவு இருந்தும், தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கேட்பதே இல்லை. கனடாவிலும் இதுபோன்ற திட்டம் உண்டு. அங்கே தனியாகக் கேட்காமல் விட்டாலும், வரிக் கணக்கு தாக்கல் செய்தவருக்குத் தகுதி இருந்தால் 2019 முதல் வருவாய்த்துறையே கணக்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் சிலருக்கு நினைவூட்டும் கடிதம் வரும், அவ்வளவுதான். அதுவும் தாக்கல் செய்தவர்களுக்கு. தாக்கலே செய்யாமல் விட்டவர்கள் மூன்று ஆண்டுகளுக்குள் பின்னோக்கிப் போய்க் கேட்கலாம். 2023ஆம் ஆண்டுக்கு உரியதைக் கேட்க 2027 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது.