டிவிடெண்ட் வளரும் பங்கு: என்ன விலைக்கு வாங்கலாம்?

பங்குச் சந்தையிலிருந்து வருமானம் வர வேண்டும், ஆனால் தினமும் விலையைப் பார்த்து வாங்கி விற்க நேரமும் இல்லை, மனதும் இல்லை என்கிறீர்களா? உங்களுக்கு ஒரு வழி உண்டு. டிவிடெண்டை (லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்கு நிறுவனம் பிரித்துத் தரும் பணம்) ஆண்டுக்கு ஆண்டு கூட்டித் தரும் நிறுவனங்களின் பங்கை நியாயமான விலையில் வாங்கி, விற்காமல் வைத்திருப்பது. நல்ல நிறுவனத்தைக் கண்டுபிடிப்பதில் பலரும் தேறிவிடுகிறார்கள். கோட்டைவிடுவது விலையில்தான்.

எஃப்டியிலேயே வட்டி கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். உங்களிடம் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. எஃப்டியில் (வங்கியின் நிரந்தர வைப்பு) 7 சதவீதம் என்று வைத்தால் வருடம் 70,000 ரூபாய். அடுத்த வருடமும் அதே 70,000தான். அந்தப் பணத்தை 3 சதவீத டிவிடெண்ட் யீல்டு (பங்கின் விலையில் ஓராண்டு டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பது) உள்ள பங்கில் போட்டால் முதல் வருடம் 30,000தான் வரும். பாதிகூட இல்லை. ஆனால் அந்த டிவிடெண்ட் வருடம் 10 சதவீதம் கூடினால், 10-வது வருடம் 70,000ஐத் தாண்டிவிடும். முதல் வருடத்திலிருந்து கைக்கு வந்த மொத்தத் தொகையிலும் எஃப்டியை முந்துவது 17-வது வருடத்தில்.

ஆக, இது யாருக்கு? நாற்பதுகளில் இருப்பவருக்குப் பொருந்தும். அடுத்த மாத மருந்துச் செலவுக்குப் பணம் தேடும் ஓய்வூதியருக்குப் பொருந்தாது. அவர் எஃப்டியிலேயே இருக்கட்டும். இன்னொன்று, எஃப்டி வட்டி வாக்குறுதி. டிவிடெண்ட் வாக்குறுதி அல்ல. லாபம் குறைந்தால் நிறுவனம் அதைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம்.

விலை கொஞ்சம் கூடினால் என்ன பெரிய நஷ்டம்?

அதே கணக்கில் பங்கின் விலையை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். இப்போது 10 லட்சத்துக்குப் பாதிப் பங்குகளே கிடைக்கும். முதல் வருட டிவிடெண்ட் 15,000. அது 70,000ஐத் தாண்ட 18-வது வருடம் ஆகும். நிறுவனம் அதேதான், வளர்ச்சியும் அதேதான். எட்டு வருடம் கூடுதலாகக் காத்திருக்கப்போவது நீங்கள். மாதம் 10,000 வாடகை வரும் வீட்டை ஒருவர் 20 லட்சத்துக்கும் இன்னொருவர் 40 லட்சத்துக்கும் வாங்கினால், குடியிருப்பவர் இருவருக்கும் ஒரே வாடகையைத்தானே தருவார்!

நியாயமான விலை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பி.இ. விகிதத்தைப் பாருங்கள் (ஒரு பங்குக்கு நிறுவனம் ஈட்டும் ஓராண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு விலை கேட்கிறார்கள் என்பது). இத்தனைக்குக் கீழ் இருந்தால் மலிவு என்று எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. அந்த நிறுவனத்தின் கடந்த 10 ஆண்டு பி.இ.யோடு இன்றையதை ஒப்பிடுவதுதான் உருப்படியான வழி. பிறகு, அந்த விலைக்கு ஈடாக லாபம் வளர்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு உண்மை உதாரணங்கள். வாங்கச் சொல்லும் பரிந்துரை அல்ல, பாடத்துக்காக மட்டும்.

ஹிந்துஸ்தான் யூனிலீவரை யாரும் மோசமான நிறுவனம் என்று சொல்ல முடியாது. சோப்பு, ஷாம்பு, காபித்தூள் என்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2021 செப்டம்பரில் அதன் பங்கு சுமார் 2,800 ரூபாய். முந்தைய ஆண்டு லாபத்தைப் போல் ஏறக்குறைய 80 மடங்கு. டிவிடெண்ட் 2021-22இல் 34 ரூபாய், 2023-24இல் 42 ரூபாய். நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் 2,800க்கு வாங்கியவருக்கு அந்த 42 ரூபாய் வெறும் ஒன்றரை சதவீதம். 2025 மார்ச் முடிவில் பங்கு விலை 2,300க்கும் கீழே.

இப்போது சிகரெட் தயாரிக்கும் ஐடிசி. 2020 அக்டோபரில் சுமார் 170 ரூபாய்க்குக் கிடைத்தது, பி.இ. 14 அளவில். அன்று அதைச் சீண்ட ஆளில்லை, கேலிதான் மிச்சம். சிகரெட் வரி எப்போது கூடுமோ என்ற பயம் வேறு. அந்த நிதியாண்டின் டிவிடெண்ட் 10.75 ரூபாய். 2024-25இல் 14.35. அன்று 170 கொடுத்தவருக்கு இது அவர் போட்ட பணத்தில் 8.4 சதவீதம். டிவிடெண்ட் ஆண்டுக்கு ஏழரை சதவீதம் போலத்தான் வளர்ந்திருக்கிறது, பிரமாதம் ஒன்றும் இல்லை. வேலை செய்தது வாங்கிய விலை. (சிகரெட் பணம் வேண்டாம் என்பவர்கள் தாராளமாக ஒதுக்கிவிடலாம், மனசாட்சிக்கு பி.இ. கிடையாது.)

அப்படியானால் யீல்டு அதிகமாக உள்ள பங்காகத் தேடிப் பிடித்தால் போதுமா?

போதாது. பலரும் விழும் குழி இதுதான். யீல்டு உயர்வது டிவிடெண்ட் கூடியதாலும் இருக்கலாம், விலை சரிந்ததாலும் இருக்கலாம், ஒரே ஆண்டில் அள்ளிக் கொடுத்ததாலும் இருக்கலாம். வேதாந்தா 2022-23இல் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது. விலை 300 ரூபாய்கூட இல்லாத நேரத்தில் யீல்டு 30 சதவீதத்துக்கும் மேல் தெரிந்தது. மறு ஆண்டு கொடுத்தது 29.50. முந்தைய எண்ணை நம்பி நுழைந்தவரின் நிலையை யோசியுங்கள்.

கோல் இந்தியா இன்னொரு வகை. 2013-14இல் 29 ரூபாய் கொடுத்தது, 2019-20இல் 12 ரூபாய், 2024-25இல் 26.50. தருகிறது, நிறையவே தருகிறது. ஆனால் ஏறி இறங்குகிறது. 11 வருடம் கழித்தும் பழைய 29ஐ எட்டவில்லை. விலைவாசி மட்டும் அங்கேயே நிற்கவில்லை. அதனால் ஓராண்டு எண்ணைப் பார்க்காமல் 10 ஆண்டு டிவிடெண்டையும் வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். கொரோனா வந்த 2020-21இல் என்ன செய்தார்கள் என்பதை வட்டமிடுங்கள்.

எழுதும்போது ஒரு கவனம். ஐடிசி 2022-23இல் 15.50, அடுத்த ஆண்டு 13.75. குறைத்துவிட்டார்களா? இல்லை. 15.50இல் 2.75 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட் (ஒரு முறை மட்டும் கூடுதலாகத் தருவது). அதைக் கழித்தால் 12.75; அதிலிருந்து 13.75க்கு ஏறியிருக்கிறது. சிறப்பு டிவிடெண்டைக் கழிக்காமல் போடும் கணக்கு இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

“1,000 சதவீதம் டிவிடெண்ட்” என்று செய்தி வந்தாலும் மயங்க வேண்டாம். அந்தச் சதவீதம் முகமதிப்பின் (பங்குக்கு நிறுவனம் பதிந்துள்ள அடிப்படை மதிப்பு, பெரும்பாலும் 1, 2, 5 அல்லது 10 ரூபாய்) மீது. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் 1,000 சதவீதம் என்பது 10 ரூபாய், அவ்வளவுதான்.

இந்த டிவிடெண்ட் தொடருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லாபத்தில் எவ்வளவை டிவிடெண்டாகக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 100 ரூபாய் லாபத்தில் 40, 50 கொடுத்தால் மிச்சத்தை வைத்துத் தொழிலை வளர்க்கலாம், கெட்ட வருடத்தையும் தாண்டலாம். 90 கொடுத்தால் இனி டிவிடெண்ட் லாபத்தைவிட வேகமாக வளர இடமில்லை. 110 கொடுத்தால் அது சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ வருகிறது, விலகி நில்லுங்கள்.

லாபம் காகிதத்திலும் இருக்கலாம் என்பதால், ஆண்டறிக்கையில் பணவரவு அறிக்கையையும் (நிறுவனத்துக்குள் உண்மையில் வந்த, வெளியே போன பணத்தின் கணக்கு) திறந்து பாருங்கள். முதல் பகுதியில் தொழிலிலிருந்து வந்த பணம் இருக்கும். இரண்டாவதில் இயந்திரம், கட்டடம் வாங்கிய செலவு இருக்கும். அதைக் கழியுங்கள். மூன்றாவது பகுதியில் ‘கொடுத்த டிவிடெண்ட்’ என்று ஒரு வரி வரும். கழித்து வந்த தொகை இதைவிடப் பெரிதாக இருக்கிறதா? ஐந்து ஆண்டுகளுக்கு இதைச் செய்தால் பாதிப் பங்குகள் பட்டியலிலிருந்து தானாகவே கழன்றுவிடும்.

டிவிடெண்ட் குறைவாகத் தருவது கெட்ட நிறுவனம் என்றும் அர்த்தமில்லை. சென்னையின் எம்ஆர்எஃப் பங்கு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கிறது. இடைக்கால டிவிடெண்ட் (ஆண்டின் நடுவில் தருவது) 3 ரூபாய். 2024-25 முழுவதற்கும் சேர்த்து 235 ரூபாய். நல்ல நிறுவனமாக இருக்கலாம், வருமானத்துக்கு ஆகாது.

டிவிடெண்ட் அறிவித்த பிறகு வாங்கினால் உடனே லாபமா?

இல்லை. டிவிடெண்டுக்கென அறிவிக்கப்பட்ட தேதிக்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியவருக்கே டிவிடெண்ட். அந்தத் தேதியில் பங்கின் விலை ஏறக்குறைய அதே அளவு இறங்கித்தான் தொடங்கும். இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றியதோடு, வரியும் கட்டியிருப்பீர்கள்.

வரி எவ்வளவு?

2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி விகிதத்திலேயே வரி ஆகிறது. 30 சதவீதப் பிரிவில் இருந்தால் 3 சதவீத யீல்டு உங்கள் கையில் 2.1தான் (எஃப்டி வட்டிக்கும் இதே கதிதான் என்பதால் மேலே போட்ட ஒப்பீடு மாறாது). 2025 ஏப்ரல் முதல், ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் உங்களுக்குத் தருவது 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம் செய்துதான் அனுப்பும். உங்களுக்கு வரியே வராது என்றால், அதற்கான உறுதிமொழிப் படிவத்தை ஆண்டுதோறும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

எத்தனை பங்குகள் வாங்குவது? பத்துப் பதினைந்து போதும்; ஆனால் எல்லாம் ஒரே துறையாக இருக்கக் கூடாது. நான்கு வங்கியும் மூன்று எண்ணெய் நிறுவனமும் வைத்துக்கொண்டு ஏழு பங்கு என்று எண்ணுவதில் பயனில்லை. பட்டியலில் உள்ள எல்லாமே விலை அதிகமாகத் தெரிந்தால் வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதுவரை பணம் எஃப்டியில் கிடக்கட்டும்.

கடைசியாக ஒரு வீட்டு வேலை. டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) உள்ள வங்கி எண் சரியாக இருக்கிறதா, நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். தொடர்ந்து 7 ஆண்டுகள் யாரும் கோராத டிவிடெண்டும், அதற்குரிய பங்குகளும்கூட மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பப் பெற உங்கள் பிள்ளைகள்தான் விண்ணப்பமும் ஆவணங்களுமாக அலைய வேண்டியிருக்கும்.