பிள்ளைகள் சேர்ந்து பாட



கோயில் திருவிழாவுக்கோ பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கோ பிள்ளைகளைச் சேர்த்துப் பாடவைக்கும்போது வழக்கமாக என்ன நடக்கிறது? இருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறோம். ஒருமுறை பாடச் சொல்கிறோம். மூன்று நான்கு பேருக்குக் குரல் சேரவில்லை என்று தெரிகிறது. “நீ பாடாதே, வாயை மட்டும் அசை” என்று அவர்கள் காதில் சொல்லிவிடுகிறோம். விழா அன்றோடு முடிந்துவிடும். ஆனால் எட்டு வயதில் அந்தச் சொல்லைக் கேட்ட பெண்பிள்ளை, ஐம்பது வயதிலும் “எனக்குப் பாட்டு வராது” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். சொந்தப் பேரப்பிள்ளையைத் தாலாட்டக்கூடக் கூச்சப்படுவாள்.

அப்படிச் சொல்லத் தேவையே இல்லை என்பதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன். சுர வேறுபாட்டைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் 2017ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அவர்கள் நூற்றுக்கு 1.5 பேர்தான் என்று கணக்கிட்டது. அப்படியிருக்க, இருபது பேரில் நான்கு பேருக்கு எப்படிப் பாட்டு வராமல் போகும்? கோளாறு பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை. நாம் எடுத்துக்கொடுக்கும் சுருதியில் இருக்கிறது.

தப்படிப்பவர் அதை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் இறுக இறுக ஓசை உயர்கிறது. தொண்டையில் உள்ள குரல் நாண்களும் அப்படித்தான். இறுக்கம் கூடினால் குரல் உயரும். நாண் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தாலும் குரல் உயரும். சின்னப் பிள்ளையின் நாண் பெரியவர்களுடையதைவிடக் குட்டை, மெல்லியது. அதனால் பிள்ளையின் குரல் இயல்பாகவே மேலே இருக்கிறது, கனமும் குறைவு. பெரியவர் தமக்கு வசதியான இடத்தில் பாட்டைத் தொடங்கினால், கீழ்ச்சுரங்களுக்குப் பிள்ளையால் இறங்க முடியாது. வெறும் காற்றாகவோ உறுமலாகவோ ஏதோ வரும். அதைக் கேட்டுத்தான் ‘இவனுக்குக் குரல் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆண்கள் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஆணின் குரல் பிள்ளையின் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. எந்த உயரத்தைப் பிடிப்பது என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. ஆகவே அப்பாவோ கோயில் பஜனைத் தலைவரோ பாட்டை நடத்தினாலும், மாதிரியைப் பாடிக் காட்டுவதை அம்மாவிடமோ வளர்ந்த அக்கா ஒருத்தியிடமோ விடுங்கள். பெண் குரலையும் இன்னொரு பிள்ளையின் குரலையும் சிறுவர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள்.

சரியான சுருதியைக் கண்டுபிடிக்க இசை படித்திருக்க வேண்டியதில்லை. பாட்டில் மிகவும் தாழ்ந்த இடத்தையும் மிகவும் உயர்ந்த இடத்தையும் பிள்ளைகளை மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். தாழ்ந்த இடத்தில் குரல் மங்கினால் சுருதியை ஏற்றுங்கள். உயர்ந்த இடத்தில் தாடை தூக்கி, கழுத்து நரம்பு புடைத்தால் இறக்குங்கள். ஆர்மோனியம் இருந்தால் அரைக் கட்டை, ஒரு கட்டையாக மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே பாட்டில் நடந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பாட்டை மாற்றுங்கள். சினிமாப் பாட்டுகள் பலவும் இப்படித்தான் சிக்கலைத் தருகின்றன. அவை தேர்ந்த பெரியவர்களின் குரலுக்காக அமைத்தவை. பின்னணி இசையை மட்டும் கைப்பேசியில் ஓடவிட்டு அதே சுருதியில் ஏழு வயதுப் பிள்ளையைப் பாடவிடுவது, அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டுவதைப் போன்றது.

அப்படியானால் எதைப் பாடவைப்பது? கர்நாடக இசையில் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குவார்கள். தனியாக உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் கற்பவருக்கு அது நல்ல அடித்தளம். வாரம் ஒருமுறை சேரும் பிள்ளைக் கூட்டத்துக்கு வேறு வழியே ஏற்றது என்பது என் கருத்து. வாசலில் நின்று ஒரு பிள்ளை தன் தோழியை நீட்டிக் கூப்பிடுவதைக் கவனியுங்கள். பெயரின் முதல் பாதி மேலே நிற்கும்; மறு பாதி சற்றே இறங்கும். அந்த இறக்கம் பெரும்பாலும் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு வருவதற்கு நெருக்கமாக இருக்கும். யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்துவிட்ட இரண்டு சுரங்கள் இவை. அங்கேரி நாட்டு இசையறிஞர் சொல்டான் கோடாய் (1882–1967) காட்டிய வழியில் பாடம் இதே இறக்கத்தில்தான் தொடங்குகிறது. அந்நாட்டுப் பிள்ளைகள் தங்கள் ஊர் விளையாட்டுப் பாட்டுகளில் ஆரம்பித்து, ஐந்து சுரப் பாட்டுகளுக்கு வருவார்கள்.

நம்மிடம் அதற்கு மோகனம் இருக்கிறது. ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்கள். பக்கத்துப் பக்கத்தில் நெருங்கி நின்று குழப்பும் சுரங்கள் அதில் இல்லை. விளையாட்டுப் பாட்டும் கும்மியும் தாலாட்டும் பாட்டிமாரிடம் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பல தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்ட இந்தக் காலத்தில், அந்தப் பாட்டுகளை இப்போதே கேட்டுப் பதிவுசெய்துகொள்வது நல்லது. பாட்டி மறந்துபோன அடியைப் பிள்ளைகளே புதிதாகக் கட்டிச் சேர்க்கட்டும். அதில் தவறேதும் இல்லை.

சொல்லிக்கொடுக்கும் முறை நீங்கள் அறிந்ததுதான். பஜனையில் ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள் அல்லவா? அதேதான். ஆனால் பிள்ளைகள் பாடும்போது நீங்கள் சேர்ந்து பாடக்கூடாது. பாடினால் உங்கள் குரல்தான் உங்கள் காதில் விழும். யார் எங்கே தவறுகிறார்கள் என்று தெரியாது. உரக்கப் பாடச் சொல்லவும் வேண்டாம். கத்தும் பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளையின் குரல் கேட்பதில்லை. கேட்காமல் சேர்ந்து பாடுவது எப்படி? “தொட்டிலில் தம்பி தூங்குகிறான்” என்று சொல்லிப் பாருங்கள், குரல் தானாக இலேசாகும்.

இனி, சேராத அந்த நான்கு பேர். பொம்பா வண்டி ஊதுவதைப் போல ‘ஊ’ என்று கீழிருந்து மேலே போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். பேச்சுக் குரலைத் தாண்டி மேலேயும் தனக்கு ஒரு குரல் இருக்கிறது என்பதைப் பிள்ளை அப்போதுதான் கண்டுகொள்கிறான். அடுத்து, அவனை ஏதேனும் ஒரு சுரத்தை நீட்டச் சொல்லி, மற்றவர்கள் அவனுடைய சுரத்துக்கு வந்து சேரட்டும். குரல்கள் ஒன்றாவது எப்படி இருக்கும் என்பதை அவன் காது அறிந்துகொள்ளும். அதன்பின் அரைச் சுரம் அரைச் சுரமாக ஏற்றலாம். வரிசையில் நிறுத்தும்போது சுருதி தவறாத பிள்ளை ஒன்றை அவனுக்குப் பின்னால் நிறுத்துங்கள். சில வாரங்கள் பிடிக்கலாம்.

குரல் உடையும் வயதுப் பையன்களை வெளியே அனுப்பவேண்டாம். தாளம், கஞ்சிரா கொடுங்கள். அல்லது மற்றவர்கள் பாடும்போது கீழ் சட்ஜத்தை ஓகாரமாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். சென்னையில் எம். பி. சீனிவாசன் (1925–1988) வளர்த்த சேர்ந்திசையில் பல குரல்கள் வெவ்வேறு வழியில் போகும். அங்கே போக நமக்கு இந்த ஓகாரமே முதற்படி.

பயிற்சி இருபது நிமிடம் போதும். இருமல் உள்ள பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கட்டும். 2015, 2019 ஆண்டுகளில் பள்ளிகளையே மூடவைத்த புகைமூட்டம் போல் மீண்டும் வந்தால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

விழா நாளில் ஒலிபெருக்கியை ஒரே பிள்ளையின் வாயருகே வைக்காமல், கூட்டத்துக்கு முன்னால் சற்றுத் தள்ளி வையுங்கள். மேடையேறுமுன் தொடங்கும் சுரத்தை மெல்லப் பாடி, எல்லோரையும் வாய்மூடி முனகச் சொல்லுங்கள். முனகல் ஒன்றானதும் கையை உயர்த்துங்கள். பிள்ளைகள் மூச்செடுப்பார்கள்.