செட்டிநாட்டு வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா... ஒரு நிமிஷம்!

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனால், நூறு வயதைத் தாண்டிய செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் இன்றும் பளிங்குபோல மின்னுவதைப் பார்க்கலாம். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சுதான் காரணம்.

கல்யாணம், விசேஷம் என்றதும் அந்தச் சுவரில் அவசரமாக எமல்ஷன் பெயின்ட் அடிப்பதில்தான் வினையே! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றும். பெயின்ட் அதை அடைத்துவிட, உள்ளே தங்கும் ஈரம் பூச்சையே உப்பவைத்து உதிர்த்துவிடும். சிமென்ட் பூசினாலும் இதே கதைதான்.

என்ன செய்யலாம்? முதலில் ஓட்டுக் கசிவைச் சரிசெய்யுங்கள். சாதாரண சுவருக்கு நீற்றிய சுண்ணாம்பை மெல்லிசாகப் பலமுறை அடியுங்கள். மின்னும் சுவரா? மென்மையாகத் துடைத்தாலே போதும். அந்தக் கைவேலை ஒருமுறை போனால், திரும்பக் கிடைப்பது கஷ்டம்!