ஸ்டேடியத்தில் எத்தனை பேர்?

டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கும்போது, 'மைதானத்தில் ஒரு லட்சம் ரசிகர்கள்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு மைதானத்தில் இத்தனை பேரைத்தான் அனுமதிக்கலாம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நாற்காலிகளை எண்ணினால் போதுமா? போதாது!

முதலில் சில எண்களைப் பார்ப்போம். உலகின் மிகப்பெரிய கிரிக்கெட் மைதானம் நம் நாட்டில், அகமதாபாத்தில் இருக்கிறது. 2020ல் திறக்கப்பட்ட நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் 1,32,000 பேர் அமரலாம். அடுத்த இடம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மைதானத்துக்கு. அங்கே சுமார் ஒரு லட்சம் பேர். புகழ்பெற்ற லண்டன் லார்ட்ஸ் மைதானத்திலோ சுமார் 31 ஆயிரம் பேர்தான்!

கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஒரு காலத்தில் ஒரு லட்சம் பேர் வரை ஆட்டம் பார்த்தார்கள். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது, இது 70 ஆயிரத்துக்கும் கீழே குறைந்தது. பிரேசிலின் மரக்கானா கால்பந்து மைதானத்தில், 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர். இன்று அங்கே 80 ஆயிரம் பேருக்குக்கூட இடமில்லை. மைதானம் சுருங்கிவிட்டதா என்ன? முன்பு நெருக்கியடித்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். இப்போது ஆளுக்கொரு நாற்காலி!

இந்த மாற்றத்துக்குப் பின்னால் சோகமான காரணங்களும் உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கும் கேலரியின் நடுப்பகுதி நிரம்பிவிட்டது. வெளியே கூட்டம் சேர்ந்ததால் பெரிய கதவு ஒன்றைத் திறந்துவிட்டார்கள். வந்தவர்களும் அதே நடுப்பகுதிக்குள் போனார்கள். பக்கத்தில் இடம் இருந்தும் யாரும் வழிகாட்டவில்லை. முன்னால் கம்பி வேலி. நெரிசலில் சிக்கி 97 பேர் உயிரிழந்தனர். இதை விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்று 1990ல் பரிந்துரை செய்தார்.

இங்கிலாந்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் உள்ளே வர முடியும், எத்தனை பேர் இருக்க முடியும், எத்தனை பேர் வெளியேற முடியும் என்று பார்ப்பார்கள். இதில் எது குறைவோ, அதுதான் மைதானத்தின் கொள்ளளவு! ஆட்டம் முடிந்ததும் 8 நிமிடத்துக்குள் எல்லாரும் கேலரியை விட்டு வெளியேற வழி இருக்க வேண்டும்.

நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு வாசல் வழியே நிமிடத்துக்கு 100 பேர் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். 8 நிமிடத்தில் 800 பேர். 10 வாசல் இருந்தால் 8,000 பேர். உள்ளே 20,000 நாற்காலிகள் இருந்தாலும், 8,000 பேரைத்தான் விடலாம்!

கி.பி. 80ல் திறக்கப்பட்ட ரோம் நகரின் கொலோசியத்தில், தரைத்தளத்தில் 80 வளைவு வாசல்கள். அவற்றில் 76க்கு எண் போட்டிருந்தார்கள். சில எண்களை இன்றும் பார்க்கலாம்!

வாசலுக்கு வெளியேயும் ஆபத்து உண்டு. 2025 ஜூன் 4 அன்று, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் ஐ.பி.எல். வெற்றி விழாவைக் காண வந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு, வெளியே 11 பேர் இறந்தனர்.

எனவே குட்டீஸ், அடுத்த முறை மைதானத்துக்கோ சினிமா தியேட்டருக்கோ போனால், உட்கார்ந்ததும் முதல் வேலையாக வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடைபாதைப் படிகளில் உட்காராதீர்கள். கிளம்பும்போது முண்டியடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் என்ன, ஸ்கோரைப் பற்றிப் பேசிக்கொண்டே மெதுவாக வரலாமே!