ஃபீனாலைத் தின்னக் கற்ற ஆறுகள்

எஸ்தோனியாவின் வடகிழக்கில், கோஹ்ட்லா-யார்வே என்ற ஊரைச் சுற்றிலும் மண்ணுக்கடியில் ஒரு பழுப்புப் பாறை கிடக்கிறது. பெயர் குக்கர்சைட். ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமற்ற கடல் இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் எச்சம் இந்தப் பாறையில் செறிந்திருப்பதால், அடுப்பிலிட்டால் இது எரியும். எரிய விடாமல், காற்றுப் படாத உலையில் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் உள்ளிருக்கும் கரிமப் பொருள் சிதைந்து எண்ணெய் ஆவியாகக் கிளம்பும். அதைக் குளிரவைத்துச் சேகரிக்கும் தொழில் அங்கே 1924 முதல் நடக்கிறது.

எண்ணெயோடு தண்ணீரும் இறங்குகிறது. பாறையில் ஊறியிருந்த ஈரம் ஒரு பகுதி. சூட்டில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து புதிதாய் உண்டான நீர் மீதி. குக்கர்சைட்டில் ஆக்சிஜன் மிகுதி. அதனால் அதன் எண்ணெயில் ஃபீனால் வகைச் சேர்மங்களும் மிகுதி. அவற்றில் நீரில் எளிதாகக் கரைபவையெல்லாம் எண்ணெயை விட்டுத் தண்ணீருக்குத் தாவிவிடுகின்றன.

ஃபீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் காயங்களில் கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்தியது இதைத்தான். கிருமிகளைக் கொல்வதற்கென்றே பெயர்பெற்ற பொருள் ஆற்றில் கலந்தால் என்ன ஆகும்? மீன் சாகும். மிகச் சிறிதளவே இருந்தாலும், அந்த ஆற்று நீரைக் குளோரின் கலந்து குடிநீராக்கும்போது மருந்து வாடை அடிக்கும். சோவியத் காலத்தில் கோஹ்ட்லா, புர்ட்சே ஆறுகள் பல ஆண்டுகள் இந்தச் சுமையைத் தாங்கின.

இந்த நீரைத் துப்புரவாக்குவதில் முதல் வேலை, அதிலுள்ள பொருளைத் திரும்ப எடுப்பது. பெயின்ட் தின்னரில் சேரும் பியூட்டைல் அசிட்டேட் என்ற திரவத்தோடு கழிவுநீரை நன்றாகக் கலக்குகிறார்கள். தண்ணீரைவிட அந்தத் திரவத்தில் கரைவதே ஃபீனாலுக்கு எளிது. திரவம் மேலே பிரிந்து மிதந்ததும் அதை வாங்கி, வடித்து, ஃபீனாலைத் தனியே எடுத்துவிட்டுத் திரவத்தை மறுபடி பயன்படுத்துகிறார்கள். இப்படிக் கிடைக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்களில் 5-மெத்தில்ரிசார்சினால் முக்கியமானது. பிசின்களும் பசைகளும் செய்ய அது உதவுகிறது. டாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதிலிருந்து ஏரோஜெல் என்ற, எடையே இல்லாதது போன்ற நுண்துளைப் பொருளையும் செய்திருக்கிறார்கள். ஆற்றைக் கெடுத்த பொருளுக்கு விலை கிடைத்தது பெரிய திருப்பம். வீணாய்ப் போவது பணம் என்றால் ஆலை தானாகவே கவனமாக இருக்கும்.

எவ்வளவு எடுத்தாலும் கொஞ்சம் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதை ஊர்ச் சாக்கடை நீரோடு சேர்த்து, காற்று ஊதும் தொட்டிகளில் பாக்டீரியாக்களிடம் ஒப்படைக்கிறார்கள். சாக்கடை நீர் ஃபீனாலின் செறிவைக் குறைக்கிறது. பாக்டீரியாவுக்கு வேண்டிய நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தருகிறது. ஆனால் லிஸ்டர் கிருமிகளைக் கொன்ற பொருளைக் கிருமியே எப்படித் தின்கிறது?

ஃபீனாலின் உடல் ஆறு கார்பன் அணுக்களாலான வளையம். அதை உடைப்பது கடினம். சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் ஒரு நொதியால் அந்த வளையத்தில் இன்னொரு ஆக்சிஜனை ஏற்றிக் கேட்டகால் என்ற பொருளாக்குகின்றன. இன்னொரு நொதி கேட்டகால் வளையத்தை வெட்டித் திறக்கிறது. வளையம் திறந்துவிட்டால் அது வெறும் கார்பன் சங்கிலி; மற்ற உணவைப் போலவே செரிக்கலாம். இதற்கும் அளவு உண்டு. ஆலையிலிருந்து திடீரென்று ஃபீனால் மிகுந்து வந்தால் தின்கிற பாக்டீரியாவும் மடியும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது 1988இல் நடந்ததுதான். எஸ்தோனியா என்றே பெயர்கொண்ட சுரங்கத்தில் தீப்பிடித்தது. ஆலை உலையில் நடக்க வேண்டியது நிலத்தடியில் நடந்து, ஃபீனால் கலந்த நீர் சுற்றுவட்டார நீர்நிலைகளுக்குப் போனது. அதைச் சமாளிக்க, ஃபீனாலைச் சிதைக்கும் மரபணுக்களைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் சுமந்த சூடோமோனாஸ் புடிடா பாக்டீரியாக்களை அந்த நீரில் விட்டார்கள். மேலே சொன்ன இரண்டு நொதிகளுக்கான மரபணுக்களும் அதில் அடுத்தடுத்து இருந்தன.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1994இல், அதே பகுதி நீரை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த மரபணு ஜோடி அங்கேயே பிறந்து வளர்ந்த வேறு சூடோமோனாஸ் இனங்களின் உடலில் இருந்தது. பாக்டீரியாக்கள் மரபணுக்களைப் பிள்ளைகளுக்கு மட்டும் தருவதில்லை. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவதுபோல ஒன்றிடமிருந்து ஒன்று பெற்றுக்கொள்ளும். ஃபீனால் இருக்கும் ஆற்றில் அந்த மரபணு உள்ளவற்றுக்குச் சோறு கிடைத்தது, அவை பெருகின. சுத்தம் செய்யும் திறன், விட்டவர்கள் திட்டமிடாத உயிர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதைக் கண்டு மகிழ்வதோடு எச்சரிக்கையும் கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன். திறந்த நீரில் விட்ட மரபணுவைத் திரும்பக் கூப்பிட முடியாது. இங்கே அது தின்றது நஞ்சை. வேறொரு மரபணு, வேறொரு ஆறு என்றால் விளைவு இவ்வளவு இதமாக இருக்கும் என்று சொல்ல ஆதாரமில்லை. ஃபீனாலை ஆலையிலேயே பிரித்தெடுத்து, மிச்சத்தைத் தொட்டிக்குள் வைத்தே பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் கோஹ்ட்லா-யார்வேயின் அன்றாட முறையைத்தான் எண்ணெய்ப் பாறையைத் தோண்ட நினைக்கும் மற்ற நாடுகள் முதலில் பார்க்க வேண்டும்.